ஒன்பது பேருக்கு ஒரு ட்ரெய்லர்: எந்தப் பழைய வாகனம் இழுக்கும்?

வாசகர் கடிதத்திலிருந்து

கோப்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் ஒன்பது பேர்: அவர், மனைவி, பள்ளிக்கூடம் போகும் நான்கு பிள்ளைகள், அப்பா, அம்மா, எண்பது தாண்டிய அப்பம்மா. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, படுக்கையும் குசினியும் கழிவறையும் உள்ள பயண ட்ரெய்லரைப் பிக்கப்பின் பின்னால் கொழுவிக்கொண்டு குடும்பத்தோடு ஏரிக்கரைகளில் தங்குகிறார். அந்தப் படங்களைப் பார்த்த பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிட்டது. தெரிந்த வெல்டிங் பட்டறை ஒன்று பதினாறு அடியில் அப்படி ஒன்றைச் செய்து தருவதாகச் சொல்கிறது. கோணேசர் கோயில், கதிர்காமம், நுவரெலியா என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பயணம் போகலாம் என்பது திட்டம்.

இழுக்கும் வாகனத்துக்கு மூன்று பழைய வாகனங்கள் பார்த்து வைத்திருக்கிறார்: 2009ஆம் ஆண்டு ஹயஸ் கேடிஎச் வான், 2008 மொன்ரேரோ, 2012 ஹைலக்ஸ் டபிள் கப். மொன்ரேரோக்காரர் “ஓபின் பேப்பரில்”, அதாவது பதிவுப் புத்தகத்தில் பெயர் மாற்றாமல், தந்தால் விலை குறைப்பாராம். எந்த எஞ்சினுக்கு வலு கூட? ட்ரெய்லரைக் கொழுவ, தம்பி பார்சலில் அனுப்பும் உருண்டைக் கொழுக்கியைப் பூட்டலாமா? ஓடும்போது அப்பம்மாவும் சின்னப்பிள்ளைகளும் ட்ரெய்லருக்குள் படுத்துக்கொண்டு வரலாமா? இருக்கிற சாரதி அனுமதிப்பத்திரம் போதும்தானே? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் எஞ்சினைப் பற்றியது. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “அப்பம்மாவால் வழியிலுள்ள கழிவறைகளில் குந்தி இருக்க ஏலாது, அதனால் ஆறு வருடமாக நாங்கள் ஒரு இடமும் போகவில்லை.” எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதற்கு வருகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றில் எதையும் பதினாறு அடி ட்ரெய்லர் இழுக்கவென்று வாங்கவேண்டாம். ஹயஸை உங்கள் ஒன்பது பேருக்காக வாங்கலாம், அதுவும் கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால். வாகன மதிப்பீட்டிலும் திருத்த வேலையிலும் முப்பது வருடம் கழித்தவன் என்ற முறையில் இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லவும் உங்களுக்கு அவை வேண்டியிருக்கும்.

எஞ்சின் இழுக்கும், வாகனம் சுமக்குமா?

மூன்று எஞ்சினும் அந்த ட்ரெய்லரை அசைத்து இழுக்கும். வயலில் லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டி நிறைய நெல் மூட்டை இழுப்பதைத் தினமும் பார்க்கிறோம். அதனால் நம்மில் பலர் வாகனத்தின் வலுவை எஞ்சினில் மட்டும் தேடுகிறோம். ட்ரெய்லர் விடயத்தில் முதலில் கேட்கவேண்டியது, ஆட்கள் ஏறிய பிறகு இந்த வாகனத்தில் சுமக்க இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பதினாறு அடி இரும்புச் சட்டம், தகரம், பலகை, கட்டில்கள், 200 லீற்றர் தண்ணீர்த் தாங்கி (தண்ணீர் மட்டுமே 200 கிலோ), காஸ் சிலிண்டர், பாத்திரபண்டம். பட்டறைக்காரர் எவ்வளவு சிக்கனமாகச் செய்தாலும் 1,400 கிலோவுக்குக் குறையாது என்பது என் கணிப்பு. இந்த வகைப் பயண ட்ரெய்லர் நேராக ஓடவேண்டுமானால் அதன் நிறையில் 10 முதல் 15 வீதம் முன்னால் கொழுக்கியில் அழுத்தவேண்டும். வட அமெரிக்காவில் எல்லோரும் கைக்கொள்ளும் அளவு அது. 140 முதல் 210 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வாகனத்தின் முதுகில் ஏறும் சுமை. பெரியவர்கள் ஐந்து பேர் 300 கிலோ, பிள்ளைகள் நால்வர் 160 கிலோ, பைகளும் சாப்பாடும் 100 கிலோ. எல்லாம் சேர்த்தால் 700 முதல் 770 கிலோ.

மொன்ரேரோ சட்டப்படி சுமக்கக்கூடியது ஏறத்தாழ 700 கிலோ. அதில் ஏழு ஆசனம்தான் இருக்கிறது, நீங்களோ ஒன்பது பேர். இதே வாகனம் அவுஸ்திரேலியாவில் பஜேரோ என்ற பெயரில், பிறேக் உள்ள ட்ரெய்லர் 3,000 கிலோ வரை இழுக்கும் என்று விற்கப்பட்டது. ஆனால் 2,500 கிலோவைத் தாண்டினால் கொழுக்கியில் 180 கிலோவுக்கு மேல் அழுத்தக்கூடாது என்று அதன் கைநூலிலேயே இருந்தது. 3,000 கிலோவின் 10 வீதமே 300 கிலோ ஆகிறது. ஆகவே விளம்பரத்தில் வரும் பெரிய எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

டபிள் கப் ஏறத்தாழ ஒரு தொன் சுமக்கும், இழுக்கவென்றே செய்த கட்டான செசியும் (அடிச்சட்டம்) அதற்கு உண்டு. தம்பியின் பிக்கப்புக்கு ஆகக் கிட்டிய வாகனம் அதுதான். ஆனால் ஐந்து பேர்தான் இருக்கலாம். மிச்ச நால்வரைப் பின்தட்டில் ஏற்றி ஏ9 வீதியில் கொண்டுபோக நினைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஹயஸில் ஒன்பது பேரும் இருக்கலாம், ஆனால் அதன் உடல் அமைப்பு வேறு. சாதாரண நீள ஹயஸில் முன் பின் அச்சுகளுக்கு இடையில் 2.57 மீற்றர். கொழுக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீற்றர் தள்ளி இருக்கிறதென்று வையுங்கள். கொழுக்கியில் 140 கிலோ அழுத்தினால் துலா மாதிரி முன்பக்கம் மேலே எழும்பும். முன் சில்லுகளில் 65 கிலோ குறையும், பின் அச்சில் 205 கிலோ கூடும். கடைசி வரிசையில் ஆட்களும் அதற்குப் பின்னால் பைகளும் இருக்கும்போது இது நடக்கிறது. ஸ்ரேறிங் இலேசாகிவிடும், மழையில் முன்பக்கம் பிடி விடும்.

யாழ்ப்பாணத்தில் தெரியாத இறக்கம்

ஒரு வாகனத்தின் பிறேக் எவ்வளவு தாங்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் ஓடிப்பார்த்து அறிய முடியாது. குடாநாடு முழுவதும் தட்டை. பருத்தித்துறையிலிருந்து காரைநகர் வரை ஓடினாலும் பத்து நிமிடம் தொடர்ந்து பிறேக் பிடிக்கவேண்டிய ஒரு இறக்கம் வராது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடைப் பக்கமாகக் கண்டிக்கு இறங்கும்போது, வளைவுக்கு வளைவு பிறேக் சூடேறிக்கொண்டே வரும். நிறைந்த வான் தனியே 2,500 கிலோவுக்குக் கிட்ட வரும். பிறேக் இல்லாத 1,400 கிலோ ட்ரெய்லரும் சேர்ந்தால் அதே நான்கு சில்லுப் பிறேக்குகள் ஒன்றரை மடங்குக்கு மேலான நிறையை நிறுத்தவேண்டும். சூடேறிய பிறேக் ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது.

தம்பியின் ட்ரெய்லரில் சொந்தப் பிறேக் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒன்ராறியோவில் 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெய்லருக்குப் பிறேக் கட்டாயம். பிக்கப்புக்குள்ளிருந்து மின்சாரத்தால் அதை இயக்க ஒரு கருவியும் இருக்கும். உங்கள் பட்டறைக்காரரின் விலைப் பட்டியலில் பிறேக் என்ற சொல்லே இல்லை.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். சோழகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் ஆனையிறவைக் கடந்தவர்களுக்கு அது வானையே பக்கவாட்டில் தள்ளுவது தெரியும். உயரமான தட்டைச் சுவர் உள்ள ட்ரெய்லருக்கு அது கப்பலில் பாய் விரித்த மாதிரி. எதிரே விரைவு பஸ் ஒன்று கடக்கும்போது முதலில் ஒதுக்கித் தள்ளும், பிறகு இழுக்கும். என் இளவயதில் கோயில் திருவிழாவுக்கு ஜெனரேற்றர் ஏற்றிய சிறு ட்ரெய்லரை இழுத்த பிக்கப்பில் நானும் இருந்தேன். பாரத்தைப் பின்பக்கம் வைத்திருந்தோம். வெளியான இடத்தில் காற்று அடித்ததும் ட்ரெய்லர் நாய் வாலாட்டுவது போல ஆடத் தொடங்கியது. சாரதி பயந்துபோய்ப் பிறேக்கை அமத்தினார். ட்ரெய்லர் எங்களை முந்திக்கொண்டு குறுக்கே வந்தது, பம்பரில் ஒட்டியிருந்த கொழுக்கி கழன்றது, எல்லாம் வாய்க்காலில். எங்களுக்குச் சிராய்ப்புக் காயத்தோடு போனது. அன்று செய்திருக்கவேண்டியது பிறேக்கைத் தொடாமல், அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்ரேறிங்கை நேரே பிடித்திருப்பது. அது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

அனுமதிப்பத்திரமும் சட்டமும்

“இருக்கிற சாரதி அனுமதிப்பத்திரம் போதும்தானே” என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஒன்ராறியோவில் சாதாரண ‘ஜி’ அனுமதிப்பத்திரத்தோடு 4,600 கிலோ வரை ட்ரெய்லர் இழுக்கலாம். தம்பி அந்த நினைப்பில் சொல்கிறார். நமது ‘பி’ வகையில் வாகனத்தின் மொத்த நிறை 3,500 கிலோவும் ஆசனங்கள் சாரதியோடு ஒன்பதும்தான் எல்லை. பின்னால் கொழுவும் ட்ரெய்லரின் வெறும் நிறை 250 கிலோவைத் தாண்டக்கூடாது. பதினாறு அடி வீட்டின் சட்டமும் அச்சும் மட்டுமே அதைத் தாண்டிவிடும். விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அனுமதிப்பத்திரத்தைத்தான். ட்ரெய்லரும் தனியாகப் பதியவேண்டிய ஒன்று. பட்டறையில் செய்து அப்படியே வீதிக்குக் கொண்டுவர முடியாது. யாழ்ப்பாணக் கச்சேரியில் உள்ள மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் இரண்டையும் நேரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆசன எல்லையையும் கவனியுங்கள். நீங்கள் ஒன்பது பேர், சரியாக விளிம்பில் நிற்கிறீர்கள். பதினான்கு ஆசனம் என்று புத்தகத்தில் பதிந்த ஹயஸ் என்றால் உங்களுக்கு ‘டி1’ வகை வேண்டும்.

அப்பம்மாவும் பிள்ளைகளும் ட்ரெய்லருக்குள் படுத்து வருவதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கனடாவிலும் அதைச் செய்ய விடமாட்டார்கள். ஒன்ராறியோ வீதிச் சட்டம் ஆள் உள்ளே இருக்கும் வீட்டு ட்ரெய்லரை வீதியில் இழுப்பதை நேரடியாகத் தடை செய்கிறது. உள்ளே ஆசனப்பட்டி இல்லை, முட்டினால் தாங்கும் சுவர் இல்லை, காஸ் சிலிண்டர் பக்கத்தில். அவர்கள் கத்தினாலும் முன்னால் உங்களுக்குக் கேட்காது.

தம்பியின் கொழுக்கி

வட அமெரிக்க உருண்டை பெரும்பாலும் 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர். மற்ற நாடுகளில் பரவலாக உள்ளது 50 மில்லிமீற்றர். ட்ரெய்லரின் முனையில் 50க்குச் செய்த கொழுவிக்குள் 2 அங்குல உருண்டை இறுகும், மறுபக்கம் 50 உருண்டை பெரிய கொழுவிக்குள் தளர்ந்து கழரப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். இரண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும். எந்த அளவானாலும் பம்பரில் ஒட்டக்கூடாது, செசியில் போல்ற் ஆணி போட்டு இறுக்கவேண்டும்.

மூன்று வழிகள்

முதலாவது, ட்ரெய்லர் யோசனையை முழுதாக விட்டுவிட்டு ஹயஸ் மட்டும் வாங்குவது. என் விருப்பம் இதுதான்.

இரண்டாவது, ஹயஸோடு சிறு சாமான் ட்ரெய்லர் ஒன்று. வெறும் நிறை 250 கிலோவுக்குள், சாமானோடு 500 கிலோவுக்குள், உயரம் வானின் ஜன்னல் அடிக்குள். கூடாரம், பாய், சமையல் பாத்திரம், மடிக்கும் கழிவறைக் கதிரை எல்லாம் அதில் போகும். பாரத்தின் பெரும்பங்கை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். இதற்கும் பதிவு வேண்டும், காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். பிள்ளைகளின் கூடார ஆசை இதில் தீரும்.

மூன்றாவது, பெரிய ட்ரெய்லரைத்தான் வேண்டும் என்று நின்றால் டபிள் கப் இழுக்க, வான் ஒன்றில் ஆட்கள் வர, இரண்டு சாரதிகள், தகுந்த அனுமதிப்பத்திரம், சொந்தப் பிறேக் உள்ள ட்ரெய்லர். அந்தச் செலவில் பல வருடத்துக்கு அறை எடுத்துத் தங்கலாம். நான் இதைச் சொல்வது நீங்கள் எல்லா வழியையும் பார்த்துவிட்டீர்கள் என்று தெரியட்டும் என்பதற்காக மட்டுமே.

பழைய ஹயஸை எப்படிப் பார்ப்பது

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இங்கே இருந்த வாகனங்களே கை மாறிக் கை மாறி ஓடின. 2009 வான் என்றால் பலர் கை பட்டிருக்கும். மீற்றரில் காட்டும் கிலோமீற்றரை நம்பாதீர்கள். பிறேக் மிதியின் இறப்பர், ஸ்ரேறிங்கின் தேய்வு, சாரதி ஆசனத்தின் ஓரம் ஆகியவை பொய் சொல்வது குறைவு.

முதலில் வானைக் கராஜில் உயர்த்திக் கீழே பாருங்கள். கடலும் களப்பும் சூழ்ந்த நமது ஊரில் உப்புக் காற்று அடியிலிருந்துதான் தின்னும். புதிதாகக் கறுப்பு அண்டர்சீல் அடித்திருந்தால் சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வரும் இடத்தில் உள்ளே துருப்பிடித்திருக்கும். பாய்களைத் தூக்கி ஈரமணமும் சேறும் உண்டா என்று பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வான் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

இந்த வானில் 3.0 லீற்றர் 1கேடி எஞ்சின் என்றால், இன்ஜெக்ரரின் அடி வளையம் கசியும் வழக்கம் அதற்கு உண்டு. கசிவால் எண்ணெய்க்குள் கரி சேர்ந்து, அடியில் எண்ணெய் உறிஞ்சும் வலை அடைபடும், பிறகு எஞ்சினே இறுகி நின்றுவிடும். குளிர்ந்த நிலையில் இயக்கி, ஒலியையும் புகையையும் கவனிக்கச் சொல்லுங்கள். ரைமிங் பெல்ற் 150,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. மாற்றிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எண்ணி விலை பேசுங்கள். ரயரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பூப்புதிதாகத் தெரிந்தாலும் பழைய ரயர் பழையதுதான். சுமை எண் 106 என்றால் ஒரு ரயர் 950 கிலோ தாங்கும். கார் ரயர் மாட்டியிருந்தால் அந்த எண் மிகக் குறைவாக இருக்கும்.

ஓடிப்பார்ப்பதை நடுமத்தியானத்தில் வையுங்கள். ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, கிளிநொச்சி வரை போய்த் திரும்புங்கள். இறக்கம் இல்லாத ஊரில் நமக்குள்ள நல்ல சோதனை இதுதான். வெப்பமானி ஏறக்கூடாது, வெறிச்சோடிய நேர்வீதியில் பிறேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. வந்ததும் நாலு சில்லையும் தொடாமல் கையைக் கிட்ட வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பிறேக் விடாமல் உரசுகிறது. அதே நாளில் லொறி நிறுக்கும் தராசு ஒன்றில் ஆட்களோடு நிறுத்து, கதவருகில் உள்ள தகட்டின் மொத்த நிறையோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாகப் பேப்பர். மொன்ரேரோவை நீங்கள் வாங்கப்போவதில்லை என்றாலும் சொல்கிறேன், ஓபின் பேப்பர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். புத்தகத்தில் உங்கள் பெயர் இல்லாதவரை அந்த வாகனம் சட்டத்தின் கண்ணில் உங்களுடையது அல்ல. பழைய உரிமையாளரின் கடனோ வழக்கோ உங்கள் முற்றத்துக்கு வரும். புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். செசி இலக்கத்தை நீங்களே குனிந்து வாசித்துப் புத்தகத்தோடு பாருங்கள்.

இனி அப்பம்மா. நீங்கள் தேடியது அவவுக்கு ஒரு கழிவறை. அதற்கு 1,400 கிலோ இழுக்கத் தேவையில்லை. கைப்பிடி உள்ள கழிவறைக் கதிரை மருந்துக் கடைகளில் கிடைக்கும், கடைசி வரிசைக்குப் பின்னால் மடித்து வைக்கலாம். சுற்றிக் கட்ட ஒரு சின்னக் கூடாரத் துணி, ஒரு வாளித் தண்ணீர். அவ நடு வரிசையில் கதவுப் பக்கம் இருக்கட்டும், ஏற ஒரு தாழ்ந்த முக்காலி வையுங்கள். முதல் பயணத்தைக் கதிர்காமத்துக்கு வைக்காமல், விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நில்லுங்கள். எங்கே, எப்படி நிற்பது அவவுக்கு வசதி என்று அன்று குறித்துக்கொண்டால், மலைநாட்டுப் பயணத்தை அந்தக் குறிப்பை வைத்தே போடலாம். ஹயஸைத் தராசில் நிறுத்த சீட்டும் ரயரின் இலக்கங்களும் கையில் வந்ததும் எழுதுங்கள், வாங்குவதற்கு முன் நானும் ஒருமுறை பார்க்கிறேன்.